கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் ஒரு கல்லா

இங்கிலாந்தின் சின்ன கால்பந்து கிளப்புகளுக்கு டிக்கெட் காசு மட்டும் போதுவதில்லை. பார் ஓடினால்தான் பந்தும் ஓடும். அந்தப் பாரின் சாவி யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

தெற்கு லண்டன், டல்விச் ஹாம்லெட் கிளப்பின் சாம்பியன் ஹில் மைதானம். சனிக்கிழமை, மணி மூன்றே முக்கால். நடுவரின் விசில் சத்தம் அடங்குவதற்குள் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் நின்ற கூட்டம் கிளம்பிவிடுகிறது. இளஞ்சிவப்பும் நீலமும் கலந்த மஃப்ளர்கள், அப்பாவின் தோளில் உட்கார்ந்த குழந்தைகள், எஜமானரை முந்திக்கொண்டு ஓடப் பார்க்கும் ஒரு நாய். இரண்டாம் பாதியில் தங்கள் அணி எந்தப் பக்கம் கோல் அடிக்கப் பார்க்குமோ அந்தப் பக்கம் போய் நின்றுகொள்வது இந்த மட்டத்துக் கால்பந்தில் பழைய வழக்கம். போகிற வழியில் பார். இடைவேளை 15 நிமிடம். அதற்குள் வரிசையில் நின்று, காசு கொடுத்து, நுரை தளும்பும் பிளாஸ்டிக் கோப்பையைச் சிந்தாமல் மறுமுனைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களுக்கும் அதே 15 நிமிடம்தான். ஒரு கை குழாயைப் பிடித்திருக்க, மறு கை அடுத்த கோப்பையைத் துழாவுகிறது. கார்டு இயந்திரம் கைமாறிக்கொண்டே இருக்கிறது. களத்தில் யார் ஜெயிக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்க இங்கே யாருக்கும் நேரமில்லை. டல்விச் ஹாம்லெட் போன்ற ஒரு கிளப்பின் பொருளாளரைக் கேட்டால், ஆட்டத்தின் முக்கியமான கால்மணி நேரம் இதுதான் என்பார்.

பிரீமியர் லீகையும் அதற்குக் கீழே உள்ள மூன்று டிவிஷன்களையும் சேர்த்தால் 92 கிளப்புகள். தொலைக்காட்சிப் பணம் பெரும்பாலும் அந்த 92-க்குள்ளேயே சுற்றிவருகிறது. ஐந்தாம் அடுக்கிலிருந்து கீழே இருப்பதை 'நான்-லீக்' என்கிறார்கள். அங்கேயும் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் உண்டு, நடுவருக்குக் கட்டணம் உண்டு, ஒளிவிளக்குக்கு மின்சாரம் உண்டு. வருகிற கூட்டமோ பல கிளப்புகளில் சில நூறு பேர்தான். வாசலில் வசூலாகும் டிக்கெட் காசுக்கும் செலவுக்கும் நடுவே விழும் பள்ளத்தை நிரப்புவது கிளப்ஹவுஸ் எனப்படும் கிளப்பின் சொந்தக் கட்டடமும் அதற்குள் இருக்கும் பாரும்தான்.

நம் ஊரில் பார் என்றதும் டாஸ்மாக் கடையை ஒட்டிய தகரக் கொட்டகை நினைவுக்கு வரும். அந்தச் சித்திரத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுப் படிக்கவேண்டிய கதை இது. கிளப்ஹவுஸின் சுவரில் பழைய அணிகளின் கறுப்பு வெள்ளைப் படங்கள் இருக்கும்; மூலையில் அம்பெறியும் பலகை இருக்கும். சனிக்கிழமை மதியம் ரசிகர் கூட்டம், இரவு யாருடைய பிறந்தநாள் விருந்தோ, வாரநாளில் வினாடி வினா, மயானத்திலிருந்து திரும்பியவர்கள் கூடி உட்காரும் ஒரு மதியம். எல்லாவற்றுக்கும் அதே கவுன்டர்தான்.

■ பீர் முதலாளியும் இரண்டு கிளப்புகளும்

மதுவும் கால்பந்தும் சேர்ந்தது இன்று நேற்றல்ல. ஆச்சரியம் என்னவென்றால் ஆரம்பகாலக் கிளப்புகளில் பலவற்றைத் தொடங்கியவை தேவாலயங்கள். எவர்ட்டன் கிளப்பும் 1878-ல் ஒரு மெதடிஸ்ட் தேவாலயத்தின் அணியாகத்தான் பிறந்தது. அது வளர்ந்து ஆன்ஃபீல்ட் மைதானத்துக்கு வந்தபோது அதன் தலைவராக இருந்தவர் ஜான் ஹோல்டிங், பீர் ஆலை முதலாளி. ஆட்டக்காரர்கள் உடை மாற்றியது அவருடைய சாண்டன் ஹோட்டலில். மைதானத்தில் பானம் விற்கும் உரிமையும் தன்னிடமே இருக்கவேண்டும் என்றார். வாடகையையும் ஏற்றினார். சண்டை முற்றி 1892-ல் எவர்ட்டன் பெட்டியைக் கட்டிக்கொண்டு குடிசன் பார்க்குக்குப் போனது. மைதானம் கையில் இருக்கிறது, ஆட ஆளில்லை. ஹோல்டிங் ஒரு புது அணியைத் திரட்டினார். அதுதான் லிவர்பூல்.

பத்து ஆண்டுகள் கழித்து மான்செஸ்டரில் கடனில் மூழ்கிக்கொண்டிருந்த நியூட்டன் ஹீத் கிளப்பைக் கரையேற்றியவரும் பீர் ஆலை முதலாளிதான். ஜான் ஹென்றி டேவிஸ் பணம் போட்டார். 1902-ல் கிளப்புக்கு மான்செஸ்டர் யுனைடெட் என்று புதுப் பெயர் வந்தது. உலகம் முழுக்க ரசிகர்களைக் கொண்ட இரண்டு கிளப்புகளின் ஜாதகத்திலும் பீர் வாசனை.

பெரிய கிளப்புகள் பிறகு வேறு பணத்துக்கு மாறிவிட்டன. சின்னவற்றுக்கு அந்த வழி கிடைக்கவில்லை. அமெச்சூர், தொழில்முறை என்ற பிரிவினையை இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமான எஃப்.ஏ. 1974-ல் எடுத்தது. அதுவரை 'அமெச்சூர்' ஆட்டக்காரரின் ஷூவுக்குள் ரகசியமாகச் செருகிய பணத்தை அதற்குப் பிறகு கணக்கில் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. எழுதவேண்டும் என்றால் எங்கிருந்தோ வரவும் வேண்டும்.

┌ பெட்டிச் செய்தி: பீப்பாய்க் கணக்கு

ஒரு பைண்ட் என்பது 568 மில்லி லிட்டர். 50 லிட்டர் உலோகக் குடுவையான 'கெக்' ஒன்றில் 88 பைண்ட். பாரம்பரிய ஏல் பீர் வரும் 9 காலன் பீப்பாயில் 72 பைண்ட், அடியில் தங்கும் மண்டி போக இன்னும் குறைவு.

ஒரு பைண்டை 4.50 பவுண்டுக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். 20 சதவீத வாட் வரி 75 பென்ஸ். மிச்சம் 3.75 பவுண்ட். ஒரு கெக்கின் விலை வாட் நீங்கலாக 150 பவுண்ட் என்று கொண்டால் பைண்டுக்கு 1.70. மதுவரியை ஆலையே கட்டி இந்த விலையில் சேர்த்துவிடும். கையில் நிற்பது 2 பவுண்டும் கொஞ்சமும்.

200 பேர் ஆளுக்கு இரண்டு பைண்ட் குடித்தால் 800 பவுண்டைத் தாண்டும். சிந்தியது, கூலி, மின்சாரம், குளிரூட்டி ரிப்பேர் எல்லாம் அதிலிருந்துதான்.
└

■ நிலவறை ரகசியங்கள்

பார் நடத்துவது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை அதன் நிலவறைக்குள் இறங்கிப் பார்க்கவேண்டும். பாரம்பரிய ஏல் பீர் பீப்பாய்க்குள்ளேயே நொதித்துக்கொண்டிருக்கும் சமாச்சாரம். 11 முதல் 13 டிகிரி செல்சியஸுக்குள் வைக்கவேண்டும். ஒருமுறை திறந்துவிட்டால் மூன்று நாட்களுக்குள் விற்றுத் தீர்க்கவேண்டும், பிறகு புளிக்கும். குழாய்களை வாரம் ஒருமுறை மருந்து ஊற்றிக் கழுவவேண்டும். அப்போது குழாயில் நிற்கும் பீர் வடிகாலுக்குத்தான்.

தினமும் திறக்கும் பப்புக்கு இது பழகிய வேலை. இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை மட்டும் கூட்டம் பார்க்கும் கிளப்புக்கு? வெள்ளிக்கிழமை மாலை பீப்பாயைத் திறந்து தயாராக வைக்கிறார்கள். இரவெல்லாம் மழை. காலையில் நடுவர் வந்து களத்தில் பந்தைத் தட்டிப் பார்த்து, எழும்பவில்லை என்று ஆட்டத்தை ஒத்திவைக்கிறார். டிக்கெட் காசு போனது. அது பிறகொரு செவ்வாய்க்கிழமை இரவில் பாதியாவது திரும்பி வரும். திறந்த பீப்பாய் வராது.

இதனால்தான் பல கிளப்புகள் ஏலை விட்டுவிட்டு, நாள்பட நிற்கும் 'லாகர்' என்ற கெக் பீருக்கு மாறின. ஏல் பிரியர்களோ விடுவதில்லை. 1971-ல் தொடங்கிய 'காம்ரா' என்ற ஏல் ஆர்வலர் அமைப்பு, நல்ல பீர் தரும் கிளப்புகளுக்கு ஆண்டுதோறும் விருதே கொடுக்கிறது. ஊர் ஊராகப் போய்ச் சின்ன கிளப்புகளின் ஆட்டம் பார்க்கும் ஒரு கூட்டம் இங்கே உண்டு. எந்த மைதானத்தில் எந்த ஏல் கிடைக்கும் என்பது அவர்களுக்குப் புள்ளிப் பட்டியலைவிட நன்றாகத் தெரியும்.

பணத்துக்கு இன்னொரு வாசலும் இருக்கிறது. கூரை ஒழுகுகிறதா, கவுன்டரைப் புதுப்பிக்க வேண்டுமா? பீர் நிறுவனம் கடன் தரும். பதிலுக்கு இத்தனை ஆண்டுக்கு இத்தனை பீப்பாய் எங்களிடமே வாங்கவேண்டும் என்று ஒப்பந்தம். அந்த நேரத்தில் வரமாகத் தோன்றும். சந்தையில் மலிவான பீர் வந்தபிறகும் பழைய விலைக்கே வாங்கவேண்டி வரும்போதுதான் கையெழுத்தின் கனம் தெரியும்.

■ யாருக்கு ஊற்றலாம்?

2003-ம் ஆண்டு மது உரிமச் சட்டம் இரண்டு வழிகளைத் தருகிறது. ஒன்று உறுப்பினர் கிளப்புக்கான சான்றிதழ். குறைந்தது 25 உறுப்பினர்கள் வேண்டும். விண்ணப்பித்தவர் இரண்டு நாளாவது காத்திருந்துதான் உறுப்பினராக முடியும். மது விற்பனையில் தனியாள் யாரும் கமிஷன் எடுக்கக்கூடாது. பதிலுக்குச் சலுகை: பொறுப்பு மேற்பார்வையாளர் என்று உரிமம் பெற்ற ஒருவரை வைத்திருக்க வேண்டியதில்லை. உறுப்பினர்கள் தங்களுக்குத் தாங்களே விற்றுக்கொள்வதால் அந்த உபரிக்கு வரியும் இல்லை. தன் பாக்கெட்டிலிருந்து தன் பாக்கெட்டுக்கே போகும் பணம் லாபமாகாது என்பது வாதம்.

சிக்கல் என்னவென்றால் உறுப்பினர்களும் அவர்கள் அழைத்துவரும் விருந்தினர்களும் மட்டும் குடித்தால் கிளப் பிழைக்காது. டிக்கெட் வாங்கி உள்ளே வரும் அந்நியருக்கும், எதிரணி ரசிகருக்கும், சனிக்கிழமை இரவு மண்டபத்தை வாடகைக்கு எடுத்தவருக்கும் விற்கவேண்டும். அதற்கு முழு உரிமம் வேண்டும். அதோடு பொறுப்பாளர், வரி, கணக்கு எல்லாம் வரும். ஒருநாள் கூத்துக்கு 21 பவுண்ட் கட்டி 499 பேர் வரை தற்காலிக அனுமதி வாங்கலாம். பல கிளப்புகளின் கோடைக்கால பீர் திருவிழா இப்படித்தான் நடக்கிறது.

வரித்துறையின் 'சமூக அமெச்சூர் விளையாட்டு கிளப்' பட்டியலில் சேர்ந்தால் கட்டட வரியில் 80 சதவீதம் தள்ளுபடி. ஆனால் உறுப்பினரல்லாதவர்களிடமிருந்து வரும் வருமானம் ஆண்டுக்கு 1,00,000 பவுண்டைத் தாண்டக்கூடாது. உறுப்பினர்களில் பாதிப்பேராவது விளையாட்டில் பங்கெடுப்பவர்களாக இருக்கவேண்டும். குடிக்க மட்டும் வரும் கூட்டத்துக்கு அரசு சலுகை தராது என்பது இதன் பொருள். நியாயம்தான். ஆனால் பார் நன்றாக ஓட ஓடச் சலுகை நழுவும் என்பதும் இதற்குள்ளேயே இருக்கிறது.

■ ஜெயித்தால் நஷ்டம்

இங்கேதான் கதை விநோதமாகிறது.

1985 இங்கிலாந்துக் கால்பந்தின் கறுப்பு ஆண்டு. மார்ச்சில் லூட்டன் மைதானத்தில் மில்வால் ரசிகர்கள் நாற்காலிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். மே மாதம் பிரஸ்ஸல்ஸில் ஹேய்சல் மைதானத்தில் 39 பேர் இறந்தார்கள். மார்கரெட் தாட்சர் அரசு ஜூலையில் ஒரு சட்டம் போட்டது: கால்பந்து ஆட்டத்தின்போது களம் கண்ணில் படும் இடத்தில் மது அருந்தக்கூடாது. ரக்பிக்கு இல்லை, கிரிக்கெட்டுக்கு இல்லை. கால்பந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்தில் 1980 கோப்பை இறுதியாட்டக் கலவரத்தை ஒட்டி முன்பே தடை வந்திருந்தது.

இங்கிலாந்தில் இன்று அந்தச் சட்டம் ஆண்கள் கால்பந்தின் மேல் ஐந்து அடுக்குகளுக்குப் பொருந்தும். ஆறாம் அடுக்கிலிருந்து கீழே களத்தோரம் கோப்பையோடு நிற்கலாம். ஆக, ஆறாம் அடுக்கில் முதலிடம் பிடித்து ஐந்தாம் அடுக்குக்கு ஏறும் கிளப்புக்குக் கிடைக்கும் பரிசு என்ன? பயணம் நீளும். ஆட்டக்காரர் சம்பளம் ஏறும். இடைவேளையில் வாங்கிய பைண்டைக் கையில் வைத்துக்கொண்டு ரசிகர் இரண்டாம் பாதியைப் பார்க்க முடியாது. உள்ளேயே நின்று மடமடவென்று குடித்துவிட்டு ஓடவேண்டும், அல்லது வாங்காமலே இருந்துவிட வேண்டும்.

முன்னாள் விளையாட்டு அமைச்சர் டிரேசி க்ரௌச் தலைமையிலான ரசிகர் ஆய்வுக்குழு 2021 நவம்பரில் அறிக்கை வெளியிட்டது. மது விற்பனை இழப்பைத் தாங்க முடியாததால் ஐந்தாம் அடுக்குக்கு ஏறுவது தங்களுக்குக் கட்டுப்படியாகாது என்று டல்விச் ஹாம்லெட் அந்தக் குழுவிடம் சொல்லியிருந்தது. ஒரு விளையாட்டு கிளப் ஜெயிக்கப் பயப்படும் நிலைமை! நான்காம், ஐந்தாம் அடுக்குகளில் சோதனை முறையில் தடையைத் தளர்த்திப் பார்க்கலாம் என்று குழு பரிந்துரைத்தது. ஆண்கள் கால்பந்தில் சட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது.

தடை எஃப்.ஏ. கோப்பைக்கும் உண்டு. தகுதிச் சுற்றுகளைத் தாண்டி முதல் சுற்றுக்குள் ஒரு குட்டி கிளப் நுழைந்துவிட்டால் ஊரே திரண்டு வரும். பத்தாண்டில் ஒருமுறை காணும் கூட்டம். அந்த ஆட்டத்தின் டிக்கெட் வசூலை எதிரணியோடு பங்கிடவேண்டும். பார் வசூலைப் பங்கிட வேண்டாம். ஆனால் அன்றைக்குத்தான் சட்டம் கதவைத் தட்டும். களத்தைப் பார்த்த கண்ணாடிச் சன்னல் உள்ள அறையில் ஆட்டம் தொடங்க 15 நிமிடம் முன்பிருந்து முடிந்து 15 நிமிடம் வரை மது கூடாது. சன்னலுக்குத் திரை போட்டு மறைத்தால் ஊற்றலாம். ஆட்டம் பார்ப்பதற்கென்றே செலவு செய்து கட்டிய சன்னலுக்குத் திரைத்துணி தேடி அலையும் கிளப் செயலாளரின் முகம் எப்படியிருக்கும்!

ஏறினால் இழப்பது பீரை மட்டுமல்ல. சட்டன் யுனைடெட் கிளப் 2015-ல் செயற்கைப் புல் போட்டது. மழைக்கு ஆட்டம் நிற்காது. வாரம் முழுக்கச் சிறுவர் அணிகளுக்கும் வாடகை அணிகளுக்கும் களத்தைக் கொடுக்கலாம். ஆட வருகிறவர்களும் பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோரும் கிளப்ஹவுஸில் காபியோ பீரோ வாங்குவார்கள். 2017-ல் இதே களத்தில்தான் எஃப்.ஏ. கோப்பை ஐந்தாம் சுற்றில் ஆர்சனலைச் சந்தித்தது சட்டன். 2021-ல் ஐந்தாம் அடுக்கின் சாம்பியனாகி நான்காம் அடுக்குக்கு ஏறியதும் அந்தக் களத்தையே பெயர்த்தெடுத்து இயற்கைப் புல் நடவேண்டியிருந்தது, அங்கே செயற்கைக் களத்துக்கு அனுமதி இல்லாததால். மூன்று சீசன் கழித்து, 2024-ல் மறுபடி இறங்கியும்விட்டது. அதே ஆண்டு நான்காம் அடுக்குக்கு ஏறிய பிராம்லி கிளப்பும் செயற்கைப் புல்லைப் பெயர்க்க வேண்டியிருந்தது.

■ மைதானம் போனால்

பாரின் கல்லா எப்போதும் கட்டடத்தோடு சேர்ந்தது. கட்டடம் அடுத்தவருடையது என்றால்?

டல்விச் ஹாம்லெட்டின் பழைய மைதானத்தின் ஒரு பகுதியில் 1990-களின் தொடக்கத்திலேயே சூப்பர்மார்க்கெட் எழுந்தது. மிச்ச இடத்தில் புது மைதானம் கட்டினார்கள். 2014-ல் அந்த நிலமும் ஒரு கட்டுமான முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. அடுக்குமாடி வீடுகள் கட்டும் திட்டத்துக்கும் உள்ளாட்சிக்கும் நடுவே இழுபறி. 2018 மார்ச்சில் கிளப் வெளியேற்றப்பட்டது. கிளப்பின் பெயரே வேறொருவரின் வணிக முத்திரையாகப் பதிவாகியிருப்பதாக நோட்டீஸ் வந்தது. பெயர் பிறகு திரும்பிக் கிடைத்தது. அந்தச் சில மாதங்கள் டல்விச், டூட்டிங் அண்ட் மிச்சம் கிளப்பின் மைதானத்தில் குடியிருந்து ஆடியது. பொதுவாக அப்படி ஒண்டுக்குடித்தனம் போகிற கிளப்புக்கு வாசல் காசு வரும். பார் காசு வீட்டுக்காரருக்கு. அந்த நிலையிலும் மே மாதத்தில் ஹெண்டன் அணியைப் பெனால்டியில் வென்று ஆறாம் அடுக்குக்கு ஏறியது டல்விச். டிசம்பரில் சொந்த மைதானத்துக்குத் திரும்பியது.

மெய்ட்ஸ்டோன் யுனைடெட்டின் கதை இன்னும் நீளம். 1988-ல் ஊர் மைதானத்தை இழந்து டார்ட்ஃபோர்டில் வாடகைக்குப் போனது. அங்கிருந்தபடியே 1989-ல் நான்காம் டிவிஷனுக்கு ஏறியது. ஏறிய மூன்றே ஆண்டில் கடன் தாங்காமல் லீகைவிட்டே விலகியது. ஊருக்குள் சொந்த மைதானம் கிடைக்க 2012 வரை, அதாவது 24 ஆண்டு, காத்திருக்க வேண்டியதாயிற்று. செயற்கைப் புல்லும் கிளப்ஹவுஸும் வாரம் முழுக்க உழைக்கும் அந்த மைதானத்தின் அணி 2024 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பையில் இப்ஸ்விச்சைத் தோற்கடித்தது. அப்போது மெய்ட்ஸ்டோன் ஆறாம் அடுக்கு அணி.

இந்தப் பாடத்தைச் சில ரசிகர் கூட்டங்கள் சீக்கிரமே கற்றுக்கொண்டன. வடக்கு லண்டனில் என்ஃபீல்ட் கிளப்பின் மைதானம் 1999-ல் விற்கப்பட்டது. 2001-ல் ரசிகர்கள் பிரிந்து வந்து என்ஃபீல்ட் டவுன் என்று சொந்தமாகத் தொடங்கினார்கள். 2011-ல் அவர்களுக்குக் கிடைத்த குவீன் எலிசபெத் மைதானத்தில் ஆர்ட் டெகோ பாணியில் கட்டிய பழைய பெவிலியன் இருக்கிறது, பாரும் அங்கேதான். கிழக்கு லண்டனின் கிளாப்டன் கம்யூனிட்டி கிளப் 2018-ல் பிறந்து இரண்டே ஆண்டில் ஓல்ட் ஸ்பாட்டட் டாக் மைதானத்தை விலைக்கே வாங்கிவிட்டது. மான்செஸ்டர் யுனைடெட்டை வாங்கிய கிளேசர் குடும்பத்தை எதிர்த்து 2005-ல் அதன் ரசிகர்கள் தொடங்கிய எஃப்.சி. யுனைடெட், பத்தாண்டு வாடகை வாழ்க்கைக்குப் பிறகு 2015-ல் சொந்த மைதானம் கட்டிக் குடிபுகுந்தது. அதன் ஆயிரக்கணக்கான உறுப்பினர்களுக்கு ஆளுக்கு ஒரு ஓட்டு. பீர் விலையைப் பற்றிப் பொதுக்குழுவில் எழுந்து கேள்வி கேட்கும் உரிமையும் அதில் அடக்கம்.

┌ பெட்டிச் செய்தி: தமிழ் ஈழம் ஆடிய கோப்பை

ஃபிஃபாவில் இடமில்லாத இனங்களுக்கும் பகுதிகளுக்கும் கொனிஃபா என்ற அமைப்பு தனி உலகக் கோப்பை நடத்துகிறது. 2018 மே 31 முதல் ஜூன் 9 வரை அது லண்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் நடந்தது. ஆட்டங்கள் எல்லாம் நான்-லீக் கிளப்புகளின் மைதானங்களில். 16 அணிகளில் தமிழ் ஈழம் அணியும் ஒன்று. இறுதியாட்டம் என்ஃபீல்ட் டவுன் மைதானத்தில் நடந்தது. வடக்கு சைப்ரஸைப் பெனால்டியில் வென்று கார்பதால்யா அணி கோப்பையை வாங்கியது.
└

■ கவுன்டருக்குப் பின்னால்

இந்தப் பார்களில் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் ஒருவரோ இருவரோ இருப்பார்கள். மிச்சம் தன்னார்வலர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், முழங்கால் போன முன்னாள் தடுப்பாட்டக்காரர், தலைவரின் மருமகள். காசு கைமாறும் இடமாதலால் மனஸ்தாபங்களும் இங்கேதான் பிறக்கும். பீப்பாய்க்கு இத்தனை பைண்ட் என்று கணக்கு இருக்கிறதே; கல்லாவில் குறைந்தால் யாரோ நண்பருக்கு இலவசமாக ஊற்றியிருக்கிறார்கள் என்று பேச்சு எழும். வெளியிலிருந்து சரக்குக் கணக்காளரை வரவழைத்து எண்ணச் சொல்வது நல்ல கிளப்புகளின் பழக்கம். அதை அவமானமாக நினைத்து விலகிய தன்னார்வலர்கள் எத்தனையோ பேர்.

உழைத்தவர் கையில் முப்பது பவுண்டைத் திணித்து அனுப்புவதும் இப்போது சுலபமில்லை. பணம் கொடுத்தால் சட்டத்தின் கண்ணில் அவர் தொழிலாளி ஆகிவிடலாம். குறைந்தபட்சக் கூலி பாயும். 2025 ஏப்ரலில் அது மணிக்கு 12.21 பவுண்ட் ஆனது. முதலாளி கட்டும் தேசியக் காப்பீட்டுப் பங்கும் அதே மாதம் 15 சதவீதமாக ஏறியது. ஆட்டமில்லாத ஒரு புதன்கிழமை மாலை, நான்கு பேர் மட்டும் உட்கார்ந்திருக்கும் பாரைத் திறந்து வைப்பது கட்டுமா என்று பொருளாளர்கள் விரல்விட்டு எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள்.

பார் எவ்வளவு பெரிய தூண் என்பதைக் கொரோனா காட்டிக்கொடுத்தது. 2020 மார்ச்சில் ஏழாம் அடுக்கு முதல் பத்தாம் அடுக்கு வரை அந்த சீசன் முடிவுகள் மொத்தமாக அழிக்கப்பட்டன. அதே மாதத்தில் மதுக்கூடங்களுக்கும் பூட்டு. சனிக்கிழமை வசூலும் சனிக்கிழமை இரவு விருந்தும் ஒரே அடியில் நின்றன. டிசம்பரில் சில பகுதிகளில் 'கணிசமான உணவோடு' மட்டுமே மது தரலாம் என்று விதி வந்தது. இறைச்சி மாவு பூசிப் பொரித்த முட்டை கணிசமான உணவா என்று அமைச்சர் ஒருவரே பேட்டியில் விளக்கவேண்டி வந்ததை நாடே சிரித்துப் பேசியது. பர்கர் வண்டி ஒன்றை மட்டும் நம்பியிருந்த கிளப்ஹவுஸ்களுக்கு அது சிரிக்கும் விஷயமாக இல்லை. 2021 பிப்ரவரியில் அடுத்த சீசனும் பாதியில் கைவிடப்பட்டது.

■ குடித்துத்தான் காப்பாற்ற வேண்டுமா?

ஒரு சங்கடத்தை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்லக்கூடாது. எட்டு வயதுப் பிள்ளைக்கு ஷூ வாங்கப் பணம் தரும் கிளப், அந்தப் பணத்தை அப்பா குடித்த பீரிலிருந்து எடுக்கிறது. குடிப்பழக்கத்தோடு போராடும் ஒருவருக்கு ஊரில் இருக்கும் ஒரே கூடுமிடம் பாராக இருந்தால் அவர் எங்கே போவார்? மதத்தாலோ விருப்பத்தாலோ குடிக்காத ஆட்டக்காரர்கள் பெருகிவரும் நகரங்களில், ஆட்டம் முடிந்ததும் 'வா, பாருக்கு' என்ற ஒரே அழைப்பு எத்தனை பேரை வாசலிலேயே நிறுத்துகிறது? கிளப்புகள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பேசினால் கல்லா குலுங்கும்.

ஆனால் சந்தை அவர்களைப் பேச வைக்கிறது. இங்கிலாந்தில் இளைஞர்கள் முந்தைய தலைமுறையைவிடக் குறைவாகக் குடிக்கிறார்கள். ஆல்கஹால் இல்லாத பீர் குழாயில் வந்துவிட்டது. சனிக்கிழமை காலை பிள்ளைகளின் ஆட்டத்துக்கு வரும் பெற்றோருக்கு வேண்டியது நல்ல காபி. மக்கள்ஸ்ஃபீல்ட் டவுன் 2020-ல் கடனால் கலைக்கப்பட்டபின் அதே மைதானத்தில் எழுந்த புது கிளப், விளையாட்டு பாரோடு உடற்பயிற்சிக் கூடத்தையும் செயற்கைக் களத்தையும் சேர்த்தே திட்டமிட்டது. வாரத்தில் ஏழு நாளும் ஆள் வரவேண்டும். குடிக்க வருவது அதில் ஒரு காரணமாக மட்டும் இருக்கட்டும் என்ற கணக்கு.

சசெக்ஸின் லூயிஸ் கிளப் இன்னொரு வழியில் போனது. 2010 முதல் ரசிகர்களுக்குச் சொந்தமான இந்த கிளப், 2017-ல் ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் சமமான நிதி ஒதுக்குவதாக அறிவித்தது. அதன் மைதானத்துக்கு டிரிப்பிங் பேன் என்று பெயர். களத்தோரம் கடற்கரைக் குடில்கள் போட்டு விருந்தினர்களை உட்காரவைக்கிறார்கள். பாருக்கு ரூக் இன் என்று பெயர். அந்தக் கல்லாவில் விழும் பவுண்ட் ஆண்கள் ஆட்டத்தில் விழுந்ததா பெண்கள் ஆட்டத்தில் விழுந்ததா என்று பிரித்துப் பார்க்கவேண்டிய அவசியமே அங்கே இல்லை.

பெண்கள் கால்பந்துதான் இப்போது சட்டத்தின் பூட்டையும் அசைத்துப் பார்க்கிறது. 1985 சட்டம் அவர்களை நேரடியாகக் கட்டுப்படுத்தாவிட்டாலும் மேல் மட்டப் பெண்கள் லீக்குகள் அதே விதியைப் பின்பற்றி வந்தன. 2025 தொடக்கத்தில், அப்போது இரண்டாம் அடுக்கில் இருந்த பிரிஸ்டல் சிட்டி, பர்மிங்ஹாம் சிட்டி, நியூகாசில், சவுதாம்டன் ஆகிய நான்கு கிளப்புகளில் ரசிகர்கள் இருக்கையில் உட்கார்ந்தபடி மது அருந்தச் சோதனை முறையில் அனுமதி கிடைத்தது. பிரிஸ்டல் சிட்டி பெண்கள் ஆடுவது ஆஷ்டன் கேட் மைதானத்தில். அங்கே பிரிஸ்டல் பேர்ஸ் ரக்பி அணியும் ஆடுகிறது. அதன் ரசிகர்கள் எப்போதும் கையில் கோப்பையோடுதான் ஆட்டம் பார்க்கிறார்கள். ஆண்கள் கால்பந்து அணி களமிறங்கும் நாளில் மட்டும், அதே இருக்கையில் அதே கோப்பையோடு உட்கார்ந்தால் குற்றம்.